ஒரே சூடு, இரண்டு இறக்கங்கள்

பழைய மோட்டார்ஹோம் ஒன்றை மலைக்கு எடுத்துச் செல்ல நினைப்பவர் முதலில் கேட்பது, "இது ஏறுமா?" என்பதைத்தான். ஏறும். ஐம்பது வருடப் பழைய வண்டியும், இன்ஜின் ஒழுங்காக இருந்தால், மெதுவாகவாவது ஏறிவிடும். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஏறும்போது இன்ஜினில் பிறக்கும் சூடு எங்கே போகிறது, இறங்கும்போது பிரேக்கில் பிறக்கும் சூடு எங்கே போகிறது? பழைய வண்டியின் மலைப் பயணம் முழுவதும் இந்தச் சூட்டின் கணக்கில்தான் நடக்கிறது. எதிரெதிரான இரண்டு வண்டிகளை, அவை பிறந்த கண்டங்களின் மலைகளிலேயே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

ஒன்று, வோக்ஸ்வாகன் டைப் 2. 1967 ஆகஸ்டிலிருந்து 1979 வரை ஜெர்மனியில் உற்பத்தியான, முன்கண்ணாடி ஒரே வளைவாக இருக்கும் இரண்டாம் தலைமுறை வேன். அதற்குள் படுக்கையும் அலமாரியும் அடுப்பும் பொருத்தி, கூரையைத் தூக்கி நிறுத்தும் வசதியும் செய்து தந்தது வெஸ்ட்ஃபாலியா நிறுவனம். நீளம் நாலரை மீட்டர். பின்படுக்கைக்கு அடியில், காற்றால் குளிரும் 1,584 சிசி இன்ஜின், 50 குதிரைத்திறன். குடும்பமும் சாமான்களும் ஏறினால் எடை இரண்டு டன்னைத் தொடும்.

மற்றது, 1973 முதல் 1978 வரை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பான்டியாக் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய ஜிஎம்சி மோட்டார்ஹோம். 23 அடி, 26 அடி என்று இரண்டு நீளங்களில் வந்தது. ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ காரிலிருந்து எடுத்த 7.5 லிட்டர் வி8 இன்ஜின், 265 குதிரைத்திறன், மூன்று வேகத் தானியங்கி கியர், முன்சக்கர இழுவை. கடைசி ஆண்டுகளில் இன்ஜின் 6.6 லிட்டராகச் சுருங்கியது. பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள், காற்றுப்பை சஸ்பென்ஷன். அடியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடாததால் தரை தாழ்ந்திருக்கும். உள்ளே நிமிர்ந்து நடக்கலாம். மொத்தம் 12,921 வண்டிகளே செய்யப்பட்டன. தண்ணீர், பெட்ரோல், ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் ஐந்தரை டன்னை நெருங்கும்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. இரண்டிலும் ஓட்டுநர் முன்சக்கரத்துக்கு நேர் மேலேயோ அதற்கும் முன்னாலேயோ உட்கார்ந்திருப்பார்; வளைவில் திரும்பும்போது அவருடைய கால்கள் சாலையின் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்துக்கு மேலே போய்வரும். ஒற்றுமை அவ்வளவுதான்.

சாலைகளைப் பார்ப்போம். ஆல்ப்ஸில் ஸ்டெல்வியோ கணவாயை எடுத்துக்கொள்கிறேன். உயரம் 2,757 மீட்டர். லொம்பார்டியைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரியப் பேரரசு, அதைத் திரோலுடன் இணைப்பதற்காக 1820க்கும் 1825க்கும் இடையில் கார்லோ தொனெகானி என்ற பொறியாளரைக் கொண்டு போட்ட சாலை இது. பிராட் ஊரிலிருந்து உச்சி வரை 24 கிலோமீட்டர் சொச்சம். ஏறவேண்டிய உயரம் 1,800 மீட்டர். வழியில் 48 கொண்டை ஊசி வளைவுகள். சராசரிச் சரிவு நூற்றுக்கு ஏழரையைத் தாண்டாது. காரணம் எளிது: அந்தக் காலத்தில் ஏறவேண்டியவை குதிரைகள். பாரவண்டியை இழுக்கும் குதிரைக்குச் செங்குத்தான சரிவு ஆகாது. அதனால் தொனெகானி மலையை மடித்து மடித்துச் சரிவைக் குறைத்தார். விலையாகக் கொடுத்தது அத்தனை வளைவுகளை.

ராக்கி மலையில் கொலராடோவின் ஐ-70 நெடுஞ்சாலை. டென்வரிலிருந்து மேற்கே போகும் இந்தச் சாலை ஐசன்ஹவர் சுரங்கம் வழியாகக் கண்டத்தின் நீர்ப்பிரிமேட்டைக் கடக்கிறது. சுரங்கத்தின் முதல் வழி திறந்தது 1973 மார்ச்சில், ஜிஎம்சி மோட்டார்ஹோம் சந்தைக்கு வந்த அதே ஆண்டில். கிழக்கு நோக்கிச் செல்லும் இரண்டாவது வழி 1979இல் திறந்தது. மேற்கு வாயிலின் உயரம் 3,401 மீட்டர். ஸ்டெல்வியோவின் உச்சியைவிட 600 மீட்டருக்கும் மேல் அதிகம். அங்கிருந்து சில்வர்தோர்ன் ஊர் வரை 13 கிலோமீட்டருக்குள் 700 மீட்டர் இறக்கம், பல இடங்களில் நூற்றுக்கு ஏழு சரிவு.

இதைக் கவனிக்க வேண்டும். குதிரைக்காகப் போட்ட சாலையின் சரிவும் பதினெட்டுச் சக்கர லாரிக்காகப் போட்ட சாலையின் சரிவும் ஏறத்தாழ ஒன்றே. வித்தியாசம் நேர்க்கோட்டில்தான் இருக்கிறது. ஸ்டெல்வியோ சில நூறு மீட்டருக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தாத குறையாகத் திருப்புகிறது. ஐ-70 அகலமாக, பெரிய வளைவுகளோடு, ஒரே மூச்சில் கீழே போகிறது. ஒன்றில் வேகம் கூடவே வழியில்லை. மற்றதில் வேகம் தானாகக் கூடிக்கொண்டே இருக்கும். பழைய வண்டிக்கு இந்த வேறுபாடு, சரிவின் அளவைவிட முக்கியமானது.

ஏற்றத்திலிருந்து தொடங்கலாம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும்; காற்று மெலிவதுதான் காரணம். ஸ்டெல்வியோ உச்சியில் வோக்ஸ்வாகனின் 50 குதிரைத்திறன் 36 அளவுக்கு இறங்கிவிடும். ஐசன்ஹவர் சுரங்க வாயிலில் ஜிஎம்சியின் 265, சுமார் 175 ஆகிவிடும். டன்னுக்கு எவ்வளவு என்று பிரித்தால் முதலாவதற்கு 18, இரண்டாவதற்கு 32. மணிக்கு 40 கிலோமீட்டர் வோக்ஸ்வாகனுக்குப் பெரிய வேகம். ஜிஎம்சி 70 வரை போகும். அதுபோக, பழைய கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. காற்று மெலிந்த பிறகும் அதே அளவு பெட்ரோலை விடும். புகை கறுக்கும், இழுவை குறையும், பிளக்கில் கரி படியும். இது இரண்டுக்கும் பொது.

சூட்டை வெளியேற்றும் முறையில்தான் இரண்டும் பிரிகின்றன. வோக்ஸ்வாகனின் 1,584 சிசி இன்ஜினில் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒரு பெல்ட் டைனமோவைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் குளிரூட்டும் விசிறி. இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு காற்றுத்தான் சிலிண்டர்களுக்குக் கிடைக்கும். எனவே ஏற்றத்தில் நாலாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போவது, இன்ஜின் சத்தம் குறைவாக இருப்பதால் வண்டிக்கு நல்லதுபோலத் தோன்றினாலும், அதைக் கொல்லும் வழி. ஆக்சிலரேட்டர் முழுவதும் அழுந்தியிருக்கும், சூடு உச்சத்தில் பிறக்கும், விசிறி மட்டும் மெதுவாகச் சுற்றும். மூன்றாவதுக்கோ இரண்டாவதுக்கோ இறக்கி, இன்ஜினை இரைச்சலோடு சுற்றவிடுவதே சரி. காது கூசும் அந்த இரைச்சல், இன்ஜின் மூச்சு வாங்குவதன் அறிகுறி அன்று. அதற்குக் காற்று கிடைப்பதன் அறிகுறி.

இந்த இன்ஜினில் வெப்பமானி இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். டேஷ்போர்டில் இரண்டு விளக்குகள்தான் காவல். ஒன்று ஆயில் அழுத்தம்; மற்றது டைனமோ. பல கார்களில் டைனமோ விளக்கு எரிந்தால் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று பொருள், ஊர்போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இதில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்து விசிறி நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டி அணைக்க வேண்டும். உபரி பெல்ட்டும் அதை மாட்டும் ஸ்பேனரும் இல்லாமல் இந்த வேனை மலைக்கு எடுத்துச் செல்லக்கூடாது. 1970களில் வந்த 1.7, 1.8, 2.0 லிட்டர் இன்ஜின்களில் விசிறி நேரடியாக கிராங்க் ஷாஃப்ட்டிலேயே இருப்பதால் இந்த ஆபத்து அவற்றுக்கு இல்லை. ஆயிலோ சிறிய இன்ஜினில் வெறும் இரண்டரை லிட்டர், அதுவும் ஃபில்டர் இல்லாமல், ஒரு சல்லடை மட்டும். அந்த இரண்டரை லிட்டர் உயவுக்கு மட்டும் அல்லாமல் குளிர்விப்பதற்கும் சேர்த்தே உழைக்கிறது. பழைய அமைப்பில் ஆயில் கூலர் மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றின் குறுக்கே நின்றது. அதனால் மூன்றாவதன் எக்ஸாஸ்ட் வால்வு எப்போதும் மற்றவற்றைவிடச் சூடாக ஓடும். எழுபதுகளின் தொடக்கத்தில் கூலரைத் தள்ளி வைத்தார்கள். மலைப் பயணத்துக்கு முன் டேப்பெட் இடைவெளியைச் சரிபார்ப்பது இந்த வேன்காரர்களிடம் ஒரு விரதம்போல இருப்பதற்கு அந்த வால்வுதான் காரணம்.

ஜிஎம்சியில் பார்க்க முள் இருக்கிறது, பெரிய ரேடியேட்டர் இருக்கிறது, சூடு ஏறினால் தானே இறுகிக்கொள்ளும் கிளட்ச் பொருத்திய விசிறி இருக்கிறது. அந்த விசிறி இறுகும்போது வரும் பெருமுழக்கத்தைக் கேட்டாலே அனுபவமுள்ள ஓட்டுநருக்கு இன்ஜினின் நிலை தெரியும். முள் மேலே போனால் கேபினின் ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டு, உள்ளே இருப்பவர்கள் வேர்த்துக்கொட்டினாலும் கொஞ்சம் சூட்டை வெளியே தள்ளலாம். வோக்ஸ்வாகனில் இந்தத் தந்திரம் பலிக்காது. அதன் ஹீட்டர், எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வருகிற காற்று, இன்ஜினைக் குளிர்விக்க அதனால் பயனில்லை.

ஆனால் ஜிஎம்சியின் பலவீனம் பெட்ரோல் வழியில் இருக்கிறது. இன்ஜின் முன்பக்கத் தரைக்கு அடியில் நெருக்கமாகப் பதுங்கியிருக்கிறது. பெட்ரோல் பம்பு அந்தச் சூட்டின் பக்கத்திலேயே இருந்துகொண்டு தொலைவில் உள்ள டாங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உயரம் கூடக்கூடப் பெட்ரோலின் கொதிநிலை இறங்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் ஏற்கெனவே குறைவு. இரண்டும் சேர்ந்தால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். இதைத்தான் வேப்பர் லாக் என்கிறார்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் இது இன்னும் எளிதாக நேர்கிறது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராமல், ஏற்றத்தின் நடுவில், ஐந்தரை டன் வண்டி நின்றுவிடும். பழைய ஓட்டுநர்கள் பெட்ரோல் குழாயில் மரத் துணிக்கிளிப்புகளை மாட்டிப் பார்த்தார்கள். அதனால் பயன் உண்டா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். பயன் தரும் தீர்வு, டாங்குக்குப் பக்கத்தில் ஒரு மின் பம்பை வைத்து, உறிஞ்சுவதற்குப் பதிலாகப் பெட்ரோலைத் தள்ளவைப்பது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும்.

வோக்ஸ்வாகனுக்கும் பெட்ரோல் குழாயில் ஒரு பயம் உண்டு, அது வேறு வகை. இன்ஜின் அறையில் ரப்பர் குழாய்கள் வெடித்துக் கசிந்தால் தீப்பிடிக்கும். அந்த இன்ஜினின் உடல் மெக்னீசியக் கலவை. மெக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீரால் அணையாது. பின்னால் எரியும் தீ முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தாமதமாகத்தான் தெரியும். சில நூறு ரூபாய் மதிப்புள்ள ரப்பர் குழாயைப் பயணத்துக்கு முன் மாற்றாமல் கிளம்புகிறவர்களை எனக்குப் புரிந்துகொள்ள முடிவதில்லை.

இனி இறக்கம். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

இரண்டு டன் வோக்ஸ்வாகன் ஸ்டெல்வியோ உச்சியிலிருந்து பிராட் வரை 1,800 மீட்டர் இறங்குகிறது. அந்த உயரத்தில் அது சேமித்து வைத்திருந்த ஆற்றல் சுமார் 35 மெகாஜூல். ஐந்தரை டன் ஜிஎம்சி சுரங்கத்திலிருந்து சில்வர்தோர்ன் வரை 700 மீட்டர் இறங்குகிறது. அதன் கணக்கு சுமார் 38 மெகாஜூல். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று! நூறு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்கும் அளவு. கீழே வந்து சேரும்போது இவ்வளவும் எங்காவது சூடாகப் போயிருக்க வேண்டும். காற்றுக்குள், டயருக்குள், இன்ஜினுக்குள், பிரேக்குக்குள்.

மொத்தம் ஒன்றாக இருந்தாலும் எவ்வளவு நேரத்தில் என்பது முற்றிலும் வேறு. வோக்ஸ்வாகன் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் இறங்கும். 12 கிலோவாட் வீதத்தில் சூடு பிறக்கும். ஜிஎம்சி 80 கிலோமீட்டர் வேகத்தில் பத்தே நிமிடத்தில் கீழே வந்துவிடும். பிறக்கும் வீதம் 60 கிலோவாட்டைத் தாண்டும். இதில் ஏறக்குறையப் பாதியைக் காற்றின் எதிர்ப்பும் டயர் உராய்வும் எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜினும் பிரேக்கும்தான் தாங்க வேண்டும்.

வோக்ஸ்வாகன் இரண்டாவது கியரில் இறங்கினால், பிறக்கும் சூட்டின் பெரும்பகுதியை அந்தச் சின்ன இன்ஜினே தாங்கிவிடும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒரு பிரேக், பிறகு விடுதல், அடுத்த வளைவுக்கு முன்னால் மறுபடி ஒன்று. நாற்பத்தெட்டு முறை. இடைவெளியில் பிரேக் சற்று ஆறுகிறது. 1971 மாடலிலிருந்து முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டதால் சூடு எளிதில் காற்றில் கலக்கும். அதற்கு முந்தைய, நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் பாதி வழியில் நிறுத்தி ஆறவைப்பது நல்லது. டிராஃபோய் கிராமத்தில் அதற்கு இடமும் உண்டு, பார்க்க ஓர்ட்லர் மலையின் பனிமுகடும் உண்டு.

ஜிஎம்சியில் லீவரை டிரைவிலேயே வைத்து இறங்கினால் இன்ஜின் பெரிதாக ஒன்றும் செய்யாது. இறுதி இயக்க (ஃபைனல் டிரைவ்) விகிதம் 3.07; அது டொரொனாடோ காருக்காக, சமவெளியில் வேகமாகப் போவதற்காகப் போட்ட விகிதம். உயர்ந்த கியரில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், வண்டியைப் பிடித்து நிறுத்தும் சக்தி அதற்கு இருக்காது. ஓட்டுநர் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே போவார். பின்பக்கம் நான்கு டிரம் பிரேக்குகள். சூடேறியதும் லைனிங்கின் பிடிமானம் குறையும். டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகும். பெடல் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகும். அவர் இன்னும் அழுத்துவார், இன்னும் சூடேறும். கடைசியில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழிகள் உண்டானால், பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரையைத் தொடும். அதுவரை வண்டி நிதானமாக, சுகமாக, காற்றுப்பைகளில் மிதந்தபடி இறங்கிக்கொண்டிருந்திருக்கும்.

அதே வண்டியில் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, லீவரை முதல் கியருக்கு இறக்கி, 50 கிலோமீட்டருக்குள் வைத்தால், ஏழரை லிட்டர் இன்ஜின் மிகப் பெரிய பிரேக்காக மாறிவிடும். அந்த வேகத்தில் பிறக்கும் சூடு முழுவதையும் அது ஒன்றே ஏறத்தாழத் தாங்கும். பிரேக் தேவைப்பட்டால், அமெரிக்காவில் லாரி ஓட்டுநர் உரிமத்துக்கான கையேடு சொல்லும் முறை இருக்கிறது: பாதுகாப்பான வேகம் மணிக்கு 40 மைல் என்றால், வண்டி 40ஐத் தொட்டதும் நன்றாக அழுத்தி 35க்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிட வேண்டும், மறுபடி 40 ஆனதும் மறுபடி அழுத்த வேண்டும். மெல்ல அழுத்தியபடியே இருக்கக்கூடாது. ஸ்டெல்வியோவின் வளைவுகள் வோக்ஸ்வாகன்காரரை வலிந்து செய்யவைப்பதை, ஐ-70இல் ஓட்டுநர் தன் கட்டுப்பாட்டினால் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே சாலை கற்றுக்கொடுக்கிறது. இங்கே தெரியாதவருக்கு, சாலையோரத்தில் சரளைக்கல் நிரப்பி மேல்நோக்கிப் போட்ட தப்பிக்கும் பாதைகள் இருக்கின்றன. பிரேக் போன வண்டி அதில் ஏறிப் புதைந்து நிற்கும். லாரிகளுக்காகக் கட்டியவை, மோட்டார்ஹோமுக்கும் தேவைப்பட்டால் தயங்காமல் நுழையத்தான் வேண்டும்.

இங்கேதான் என் தீர்ப்பைச் சொல்கிறேன். பலமில்லாத வண்டி தன் எல்லையை ஏற்றத்திலேயே காட்டிவிடுகிறது. இரண்டாவது கியரில் திணறி ஏறியவருக்கு, இறங்கும்போதும் இரண்டாவதில்தான் இறங்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலமுள்ள வண்டியோ ஏற்றத்தில் எதையும் காட்டுவதில்லை. 70 கிலோமீட்டரில் சுலபமாக ஏறியவர், அதே வேகத்தில் இறங்கலாம் என்று நம்பிவிடுகிறார். இழுப்பதற்கு 265 குதிரைகள் கொடுத்தவர்கள், பிடித்து நிறுத்துவதற்கு அதே விகிதத்தில் பிரேக் கொடுக்கவில்லை. அனுபவமில்லாத ஒருவர் தன் குடும்பத்தோடு மலைக்குப் போகிறார், எந்தப் பழைய வண்டியை எடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், வசதிக்குறைவு எல்லாவற்றையும் மீறி வோக்ஸ்வாகனைத்தான் சொல்வேன்.

பிரேக் ஆயிலைப் பற்றி இன்னும் ஒரு சொல். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறிய பிறகு 140. டாட் 4 வகைக்கு 230, 155. ஆண்டு முழுவதும் கொட்டகையில் நின்று, கோடையில் மட்டும் வெளியே வரும் பழைய வண்டியில் பிரேக் ஆயில் எத்தனை வருடம் பழையது என்று உரிமையாளருக்கே தெரியாமல் இருப்பது சகஜம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது இரண்டு வண்டிக்கும் பொது விதி. ஜிஎம்சிக்கு அது உயிர் விதி. டயரும் அப்படியே. ஓடாத டயர் தேயாது, ஆனால் ரப்பர் வயதாகிறது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண், தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். ஜிஎம்சி பிறந்தபோது அணிந்திருந்த 16.5 அங்குல டயர் வழக்கொழிந்துவிட்டதால், பெரும்பாலோர் 16 அங்குலச் சக்கரத்துக்கு மாறிவிட்டார்கள். மாறாத வண்டியைக் கண்டால் டயரின் வயதைப் பார்க்காமல் ஏறக்கூடாது.

வாழும் வசதியை இரண்டே வரியில் முடிக்கலாம். ஜிஎம்சி ஒரு வீடு: குளியலறை, கழிப்பறை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் உண்டு. வோக்ஸ்வாகன் கூரையுள்ள படுக்கை. ஆனால் அந்த வீட்டுக்கு விலை எடை: டாங்கில் நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ, மலை முழுவதும் சுமந்து ஏறிச் சுமந்து இறங்க வேண்டியது. ஏறுவதற்கு முன் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, இறங்கிய பிறகு நிரப்புவது நல்ல பழக்கம்.

நீளத்துக்கும் ஒரு விலை உண்டு. மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் லோகன் கணவாயைக் கடக்கும் 'கோயிங்-டு-த-சன்' சாலை, ராக்கி மலையின் மிக அழகான சாலைகளில் ஒன்று. அதன் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஜிஎம்சியின் குட்டி வகையே 23 அடி. அமெரிக்க வண்டி அமெரிக்க மலையின் அந்தச் சாலையில் போக முடியாது. ஜெர்மன் வேன் போகலாம்.

வண்டிகளை இடம் மாற்றிப் பார்த்தால் வேறு ஒன்றும் தெரிகிறது. வோக்ஸ்வாகனை ஐ-70இல் ஏற்றினால், அதன் இன்ஜினைவிடப் பின்னால் வருகிறவர்கள்தான் பெரிய கவலை. மற்றவர்கள் 100 கிலோமீட்டரில் வரும் சாலையில் அது வலது ஓரத்தில், லாரிகளுக்கு நடுவில், 40இல் ஊர்ந்துகொண்டிருக்கும். ஆனால் சுரங்கத்துக்கு மேலேயே பழைய சாலை ஒன்று இருக்கிறது: யுஎஸ் 6, லவ்லேண்ட் கணவாய், 3,655 மீட்டர். ஐ-70 வருவதற்கு முன் எல்லோரும் போனது அதில்தான். வளைவுகள் கொண்டது, வேகம் குறைவானது. சுரங்கத்துக்குள் அனுமதிக்கப்படாத எரிபொருள் டாங்கர் லாரிகள் இன்றும் இதில்தான் ஏறுகின்றன, ஆகவே தனியாக இருக்கமாட்டோம். இன்ஜினில் 32 குதிரைத்திறன்தான் மிஞ்சியிருக்கும், புகையும் கறுக்கும். இருந்தாலும் வேனுக்கு ஏற்ற சாலை இது. கொலராடோவுக்குள் ஒளிந்திருக்கும் ஓர் ஆல்ப்ஸ் சாலை.

அதேபோல ஜிஎம்சியை ஸ்டெல்வியோவுக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு வளைவிலும் எதிர்ப்பக்கத்தையும் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும். எட்டு மீட்டர் நீளமும் நாலு மீட்டர் வீல்பேஸும் அந்தக் குதிரைச் சாலைக்குப் பொருந்தாது. ஐரோப்பாவில் அந்த வண்டியை வைத்திருப்பவர்கள் ஆல்ப்ஸைக் கடக்க பிரென்னர் கணவாய் வழியாகப் போவதே சரி. லாரிகளும் போகும்படி அகலமாகப் போட்ட ஏ13 நெடுஞ்சாலை அது. 1963இல் திறந்த யூரோப்பா பாலமும் அதில்தான் இருக்கிறது. மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டி என்பதால் ஆஸ்திரியாவில் சாதாரணச் சுங்க வில்லை போதாது, லாரிகளைப்போல கோ-பாக்ஸ் கருவி பொருத்திக் கட்டணம் செலுத்த வேண்டும். கணவாயின் உயரம் 1,370 மீட்டர் அளவுதான். இன்ஜின் இழப்பது ஏழில் ஒரு பங்கு. இன்ஸ்புருக் பக்கம் இறங்கும்போது லீவரை இரண்டாவதிலோ முதலிலோ வைக்க வேண்டும், உச்சியைத் தாண்டுவதற்கு முன்பே.